ரேஷன் அட்டை கிடைத்தது, பட்டா கிடைக்கவில்லை: சென்னைக் குடிசைகளும் கட்சிகளும்

சென்னைக் குடிசைப் பகுதிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்தால் தமிழ்நாட்டு அரசியலின் சுருக்கம் கிடைத்துவிடும். காமராஜர் நகர், இந்திரா நகர், எம்.ஜி.ஆர். நகர், அவருடைய தாயார் பெயரில் அன்னை சத்யா நகர், கலைஞர் நகர், ராஜீவ் காந்தி நகர். இதில் தலைவர் மேலுள்ள பாசம் பாதி, தற்காப்பு மீதி. தலைவரின் பெயர்ப்பலகையும் கட்சிக் கொடிக்கம்பமும் நிற்கிற தெருவுக்குள் ஜேசிபியைக் கொண்டுவர அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார் என்ற கணக்கு அது. பெயர் தேட நேரமே கிடைக்காத இடங்கள் திடீர் நகர் ஆகிவிட்டன. சென்னையில் திடீர் நகர்கள் ஒன்றுக்கு மேல் உண்டு.

எந்தக் கட்சி ஆண்டால் நகரத்தில் ஏழ்மை குறையும் என்ற சண்டை ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது. அமெரிக்காவில் இது இன்னும் சூடாக நடக்கும். ஏழ்மை மிகுந்த பெரிய நகரங்களை ஜனநாயகக் கட்சிதான் ஆள்கிறது, ஆகவே அந்தக் கட்சிதான் காரணம் என்று எதிர்த்தரப்பு பட்டியல் போடும். பட்டியலில் டெட்ராய்ட் தவறாமல் இருக்கும். 1962-க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி மேயர் கிடையாது. 2013-ல் நகரம் திவாலானது. உண்மைதான். ஆனால் 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010-ல் 7 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார் தொழிற்சாலைகள் வெளியேறின, வசதி படைத்த வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், வரி வருமானமும் கூடவே போனது. போக முடியாத ஏழைகள் தங்களுக்கு ஏதாவது செய்வதாகச் சொன்ன கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். கட்சியால் வறுமை வந்ததா, வறுமையால் கட்சி வந்ததா என்று இதில் பிரித்துச் சொல்வது கடினம்.

சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்பது இன்னும் சுவாரசியம். காரணம், இங்கே ஒரே கட்சி நீடிக்கவில்லை. 1967-ல் திமுக, 1977-ல் அதிமுக, 1989-க்குப் பிறகு மாறி மாறி இரண்டும். கட்சிதான் காரணம் என்றால், ஆட்சி மாறும்போதெல்லாம் ஏழைகளின் நிலையும் மேலும் கீழுமாக ஆடியிருக்க வேண்டும். அப்படி ஆடவில்லை. ஒன்று தொடர்ந்து இறங்கியது, இன்னொன்று அசையாமல் நின்றது.

இறங்கியது வருமான வறுமை. வறுமைக் கோட்டை வகுத்த டெண்டுல்கர் குழுவின் அளவுகோலின்படி தமிழ்நாட்டு நகர்ப்புற வறுமை 2004-05-ல் 19.7 சதவீதம், 2011-12-ல் 6.54 சதவீதம். அந்த ஆண்டு அகில இந்திய நகர்ப்புற அளவு 13.7. இந்த அளவுகோலே தாழ்வானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டு நகரத்தில் ஒருவர் மாதம் 937 ரூபாய்க்கு மேல் செலவழித்தால் அவர் ஏழை இல்லை. அந்தக் காசில் சென்னையில் ஒரு குடும்பம் எங்கே குடியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அசையாமல் நின்றது அந்தக் கேள்விதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சிக் குடும்பங்களில் 28.5 சதவீதம் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தன.

ஒரே காலத்தில், ஒன்று 6.54, மற்றது 28.5. முதலாவது மாநிலத்தின் எல்லா நகரங்களுக்கும் சேர்ந்தது, இரண்டாவது சென்னைக்கு மட்டுமானது, ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளி சும்மா வராது. பசி குறைந்த குடும்பம் அதே கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது. கட்சிகள் எதற்காகப் போட்டி போட்டன, எதற்காகப் போட்டி போடவே இல்லை என்று பார்த்தால் இது புரியும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தை ஒதுக்கிவிடலாம். நகரத்தை ஆள்வது மேயர் என்ற நினைப்பு. 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சியை திமுக 1959-ல் கைப்பற்றியது. மாநில ஆட்சிக்கு அது முன்னோட்டம். 1973-ல் திமுக அரசே மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் விவகாரத்தில் மாமன்றத்தைக் கலைத்தது. அடுத்த தேர்தல் 1996-ல்தான் வந்தது. இடையில் கருணாநிதி, குடியரசுத் தலைவர் ஆட்சி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று எல்லோரும் இருந்தார்கள். சென்னை எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிற ஊர் என்பதால் எம்.ஜி.ஆருக்கு அவசரம் இருந்திருக்காது என்பது என் ஊகம். அப்புறம் 2016 முதல் 2022 வரை மறுபடி மாமன்றம் இல்லை. ஆக, 1973-க்கும் 2022-க்கும் இடையே ஏறக்குறைய 28 ஆண்டுகள் மாநகராட்சியை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மேயர் இருந்த காலத்திலும் குடிநீர் குடிநீர் வாரியத்திடம், திட்டமிடல் சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், குடிசை குடிசை மாற்று வாரியத்திடம். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகராட்சிகளின் வேலைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சென்னையின் ஏழ்மைக்கும் கட்சிக்குமான உறவை மாநில அரசு இருக்கிற கோட்டையில் தேட வேண்டும், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் இல்லை.

கோட்டையில் நடந்த போட்டி முதலில் அரிசியில் தொடங்கியது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. 1967-ல் ஆட்சிக்கு வந்ததும் ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கியது, அதாவது நகரத்தில். நிதிச்சுமையால் அது நீடிக்கவில்லை, ஆனால் அரிசி விலை ஒரு ஆட்சியைக் கவிழ்க்கும் என்ற பாடம் நீடித்தது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு கட்சிகளும் ஒரே மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை அன்றிலிருந்து வந்தது. ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தவர் என்று எம்.ஜி.ஆருக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. 1973-ல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவையே ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. ஒன்றுக்காகத்தான் மற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மனிதனை மனிதன் இழுப்பது அவமானம் என்பது திராவிட இயக்கத்தின் பழைய கொள்கை. ஆனால் சென்னையின் ரிக்‌ஷாக்காரர் யார் பக்கம் என்பது அந்த வருடம் பெரிய கேள்வியாக இருந்தது.

அப்புறம் 1982-ல் சத்துணவு. எம்.ஜி.ஆர். திட்டம் என்று அடுத்து வந்தவர் அதை மூடவில்லை. 1989-ல் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார். 2010-க்குள் அது வாரத்துக்கு ஐந்து முட்டையானது. ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் என்று 2006-ல் திமுக, 2008-ல் 1 ரூபாய், 2011-ல் ஜெயலலிதா வந்து விலையே இல்லை என்றார். அரசு இதற்கு விலையில்லா அரிசி என்று பெயர் வைத்தது, மக்கள் இலவச அரிசி என்றே சொல்கிறார்கள். 2013-ல் அம்மா உணவகம் வந்தது: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. கூலி வேலைக்குப் போகிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அது காலையும் மதியமும் கையைக் கடிக்காத சாப்பாடு. 2021-ல் ஆட்சி மாறிய கையோடு திமுகவினர் சிலர் ஓர் அம்மா உணவகத்தில் புகுந்து பலகையை உடைத்தபோது, கட்சித் தலைமையே அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்து, பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னது. ஏறியது இறங்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2022-ல் பள்ளியில் காலை உணவு, 2023-ல் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை எல்லாம் அதே ஓட்டத்தின் தொடர்ச்சி.

இதை ஓட்டுக்காக என்று கேலி செய்வது எளிது. ஓட்டுக்காகத்தான். ஓட்டு வாங்க அரிசி தேவைப்பட்டதால் அரிசி வந்தது. அதற்குத்தானே தேர்தல் வைக்கிறோம்? இரண்டு கட்சியும் கிட்டத்தட்ட சம பலத்தில் இருந்ததும், இருவருக்கும் ஏழை ஓட்டு தேவைப்பட்டதும்தான் இங்கே வேலை செய்தன. ஒரு கட்சி மட்டும் முப்பது வருடம் நிம்மதியாக ஆண்டிருந்தால் ஐந்தாவது முட்டை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

நிலத்தின் கதை வேறு மாதிரி.

அதுவும் நன்றாகத்தான் தொடங்கியது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் உருவானது, 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் வாசகம் வாரியத்தின் முத்திரை வாக்கியம். ஏழு ஆண்டில் சென்னையில் குடிசையே இருக்காது என்பது இலக்கு. 1971 கணக்கெடுப்பில் 1,202 குடிசைப் பகுதிகள் பதிவாயின. வாரியம் அப்போது கட்டிய மூன்று மாடிக் குடியிருப்புகளை இன்றும் நகரத்தின் நடுவிலேயே பார்க்கலாம். குடிசை இருந்த இடத்திலேயே, கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் பக்கத்திலேயே கட்டினார்கள். வீடு சின்னது, கழிப்பறை நாறும், படிக்கட்டு இருட்டு, எல்லாம் சரி. ஆனால் மீன்காரர் கடலுக்கு நடந்து போனார், வீட்டு வேலை செய்கிற பெண் மயிலாப்பூருக்கு நடந்து போனார்.

1976-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த வருடம் உலக வங்கி கடனோடு வந்தது. இலவச மாடி வீடு கட்டுப்படியாகாது, மக்களை இருக்கிற இடத்திலேயே விட்டு, தண்ணீரும் சாலையும் கொடுத்து, நிலத்தைத் தவணைக்கு விற்றுவிடுங்கள் என்றது வங்கி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ப் பகுதிகளில் மனைகள் பிரித்து விற்கப்பட்டன. யோசனை மோசமில்லை. ஆனால் குழாயும் விளக்கும் வந்த வேகத்தில் கிரையப் பத்திரம் வரவில்லை. குழாய் திறப்பு விழாவுக்குக் கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் வருவார்கள், பத்திரத்துக்கு வருவாய்த் துறையில் வருடக்கணக்கில் நடக்க வேண்டும்.

1971 சட்டத்தில் ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து யாரையும் காலி செய்ய முடியாது. அதாவது அறிவிப்புதான் கவசம். 1971-ல் 1,202 இடங்கள். 1985-ல் இன்னும் 17. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஊர் எவ்வளவு பெருத்தது, எத்தனை பேர் வேலை தேடி வந்தார்கள்! 1989-ல் வந்த திமுக அறிவிக்கவில்லை, 1991-ல் அதிமுக அறிவிக்கவில்லை, 1996, 2001, 2006, 2011 எதிலும் இல்லை. அரிசியில் ஒருவரை ஒருவர் முந்தியவர்கள் இதில் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். சட்டம் கொடுக்க வேண்டிய கவசம் கிடைக்காததால்தான் பெயர்ப்பலகை என்ற தகரக் கவசத்தை மக்களே மாட்டிக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? பட்டா கொடுத்துவிட்டால் மக்கள் கட்சிக்காரரைத் தேடி வர மாட்டார்கள், அதனால்தான் கொடுப்பதில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் அரசியல்வாதிகள் அவ்வளவு தூரம் யோசிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரான காரணம் நிலத்தின் விலை. அரிசி மாநில பட்ஜெட்டிலிருந்து வருகிறது, கடன் வாங்கியாவது கொடுக்கலாம். நகரத்து நிலத்தைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. ஏழைக்குக் கொடுத்தால் மேம்பாலத்துக்கும் மென்பொருள் பூங்காவுக்கும் கிடைக்காது, கட்சிக்கு நிதி தருகிறவர்களுக்கும் கிடைக்காது.

நீர்நிலைப் புறம்போக்கு என்ற சட்டச் சிக்கலும் உண்டு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் பட்டா தரக் கூடாது என்பது நீதிமன்றங்களின் உறுதியான நிலை. வெள்ளம் வருகிற இடத்தில் குடியிருப்பது ஆபத்து என்பதும் நிஜம். ஆனால் அதே பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டது அரசுதான். நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரி மேல் எழுந்த அரசுக் கட்டடம் வளர்ச்சி, கால்வாய் ஓரத்துக் கூரை ஆக்கிரமிப்பு. இந்த அகராதியில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இங்கே கொல்கத்தாவை ஒரு பார்வை பார்ப்பது உதவும். 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் இடதுசாரிகள் மட்டும். அதே 2011 கணக்கெடுப்பில் கொல்கத்தா மாநகராட்சிக் குடும்பங்களில் 29.6 சதவீதம் குடிசைப் பகுதிகளில். சென்னையோ 28.5. இரண்டு வெவ்வேறு சித்தாந்தங்கள் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஆனால் எண்ணுக்குள்ளே வித்தியாசம் இருக்கிறது. இடதுசாரிகளின் அரசியல் நிலத்தைச் சுற்றி நடந்தது. கிராமத்தில் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு, நகரத்தில் 1981-ல் டிக்கா குத்தகைச் சட்டம். பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதி நிலத்திலிருந்த ஜமீன்தார்களின் உரிமை போய், குடியிருப்போருக்குப் பிடிமானம் வந்தது. மறுபக்கம், 2011-12-ல் மேற்கு வங்க நகர்ப்புற வறுமை 14.66 சதவீதம், தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அங்கே காலடி உறுதி, தட்டு பாதி. இங்கே தட்டு நிறைவு, காலடி ஆட்டம். கட்சி மாறினால் ஏழ்மையின் அளவைவிட அதன் வகைதான் அதிகம் மாறுகிறது போலும். இடதுசாரிகளையும் ரொம்பப் புகழ வேண்டாம். 1996-ல் கொல்கத்தாவின் நடைபாதை வியாபாரிகளை இரவோடு இரவாக அப்புறப்படுத்தியது அவர்கள் அரசுதான்.

சென்னைக்குத் திரும்புவோம். 2000-ஐ ஒட்டி, இருந்த இடத்திலேயே வீடு என்ற கொள்கை நடைமுறையில் மறைந்துபோனது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15,656 வீடுகள்; தொடக்கம் திமுக ஆட்சி. செம்மஞ்சேரி, 6,764 வீடுகள். சுனாமிக்குப் பிறகு, அதிமுக ஆட்சி. பெரும்பாக்கம், இருபதாயிரத்துக்கும் மேல்; காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசின் நகரத் திட்டப் பணம், திமுக காலத்தில் ஒப்புதல், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரை மக்களைக் கொண்டுபோய் நிரப்பியது அதிமுக. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று கட்சிகளும் எவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்திருக்கின்றன! அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித்துகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம் கான்கிரீட்டில் திரும்ப வரையப்பட்டது. அனுப்பிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் என்பதால் செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. வெள்ள அபாயம் என்று சொல்லித்தான் ஆற்றோரத்து மக்களை எழுப்பினார்கள்.

கண்ணகி நகர் என்ற பெயர் எனக்கு எப்போதும் வினோதமாகப் படும். மெரினாவிலிருந்த கண்ணகி சிலையை 2001-ல் அதிமுக அரசு அகற்றியது, 2006-ல் திமுக திரும்ப வைத்தது. அதற்கு எவ்வளவு கூச்சல்! சிலைக்கு மெரினாவில் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. அவள் பெயரிலான நகருக்குப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இந்த இடமாற்றத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விளைவு உண்டு. சிந்தாதிரிப்பேட்டையிலோ சேப்பாக்கத்திலோ ஓர் ஆற்றோரக் குப்பத்தின் ஆயிரம் ஓட்டு வார்டு தேர்தலையே தீர்மானிக்கும். வட்டச் செயலாளர் அவர்களின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவார், லாரித் தண்ணீர் வராவிட்டால் போன் போடுவார். அதே குடும்பங்களைச் சோழிங்கநல்லூர்த் தொகுதிக்குப் பிரித்து அனுப்பினால், மாநிலத்திலேயே வாக்காளர்கள் மிக அதிகமான தொகுதிகளில் ஒன்றில் அவர்கள் கரைந்துபோகிறார்கள். பெரும்பாக்கம் மாநகராட்சியும் இல்லை. போய்ச் சேர்ந்தது ஒரு கிராம ஊராட்சிக்கு. நகரத்து ஏழைகள் கணக்கில் நகரத்திலிருந்தே காணாமல் போனார்கள்.

கட்சியைத் திட்டுகிறவர்கள் இந்த வட்டச் செயலாளரைக் கணக்கில் எடுப்பதில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய அடுக்குமாடி ஒன்று இடிந்து விழுந்தது. யாரும் சாகவில்லை. விரிசலைப் பார்த்ததும் உள்ளூர்க் கட்சி நிர்வாகி ஒருவர் எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தார். அதே வருடம் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி. வந்து ஆராய்ந்தது, சட்டமன்றத்தில் இரு தரப்பும் கத்திக்கொண்டன. கட்சி என்பது கட்டடத்தில் காசு தின்கிற ஆளாகவும் இருக்கலாம், அது இடியும் முன் கதவைத் தட்டுகிற ஆளாகவும் இருக்கலாம். அரசு அலுவலகம் எட்டாத தெருவில் எட்டுவது கட்சிதான்.

அந்தக் கை நீளம் எவ்வளவு என்பது 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் தெரிந்தது. பக்கிங்காம் கால்வாய் ஓர வீடுகளை நீதிமன்ற உத்தரவுப்படி இடிக்க வந்தபோது பெரியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு என்பது 1971-ல் வாரியத்தின் சாதாரண நடைமுறை. ஐம்பது வருடம் கழித்து அதைக் கேட்டுப் பெற ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

வாரியத்தின் பெயரையும் 2021-ல் மாற்றிவிட்டார்கள். இப்போது அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பழகியவர்கள் இன்னும் ஹவுசிங் போர்டு என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாக்கத்தில் யாரிடமாவது வீடு எங்கே என்று கேட்டால் ஒரு தலைவரின் பெயர் வராது, பிளாக் நம்பர் வரும். அந்த நிலத்தைக் கேட்டு யாரும் ஜேசிபி கொண்டுவரப் போவதில்லை. பலகை மாட்ட வேண்டிய அவசியம் அங்கே இல்லை.